தனி அறையும் சபையும்: கிறிஸ்தவருக்குச் சகவிசுவாசி எதற்காகத் தேவை?

அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கமாக ஜெபிக்கச் சொல்கிறது மத்தேயு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரம். சபையாகக் கூடிவருவதை விட்டுவிட வேண்டாம் என்று எச்சரிக்கிறது எபிரெயர் நிருபத்தின் 10ஆம் அதிகாரம். கலாத்தியர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் இந்த இரண்டு குரலும் பக்கத்திலேயே கேட்கின்றன. ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்க வேண்டும் என்று சொன்ன பவுல், மூன்றே வசனம் தள்ளி, அவரவர் பாரம் அவரவருக்கே என்கிறார். விசுவாசம் என்பது கடவுளுக்கும் ஒரு மனிதருக்கும் இடைப்பட்ட காரியம் என்றால், நடுவில் இன்னொரு விசுவாசிக்கு என்ன வேலை? திருச்சபை தொடங்கிய காலத்திலிருந்தே இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் இருந்துவருகிறது.

இதற்குக் கிடைத்திருக்கும் விடைகள் மோதிக்கொள்வதற்கு முக்கியக் காரணம், அவை ஒரே தேவையைப் பற்றிப் பேசாததுதான். இரட்சிப்புக்கே சபை வேண்டும் என்கிறார் ஒருவர். செய்த தப்பைச் சுட்டிக்காட்ட ஆள் வேண்டும் என்கிறார் இன்னொருவர். துன்பத்தில் தாங்கிப்பிடிக்க, பசித்தால் சோறு போட, செத்தால் அடக்கம் பண்ண ஆள் வேண்டும் என்பது வேறொரு விடை. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஐக்கியம் அவசியம் என்று மொத்தமாகச் சொல்லும் பிரசங்கம், பெரும்பாலும் கோவிலுக்கு வராதவரைக் குற்றப்படுத்துவதோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு விடையையும் அது பிறந்த சூழலோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் பலமும் பலவீனமும் தெரியும்.

சபையே தாய் என்ற விடை

மிகக் கடுமையான விடை கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியனுடையது. 250ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் டேசியுஸ், குடிமக்கள் எல்லோரும் தேசத்துத் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். கிறிஸ்தவர்களில் பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். உபத்திரவம் தணிந்ததும் இவர்களைத் திரும்பச் சேர்ப்பதா, சேர்த்தால் என்ன நிபந்தனை என்பதில் சபைகள் இரண்டுபட்டன. அந்த வேளையில், 251இல், சிப்ரியன் சபையின் ஒருமைப்பாடு பற்றி ஒரு நூல் எழுதினார். சபையைத் தாயாக ஏற்காதவர் கடவுளைத் தகப்பன் என்று உரிமை பாராட்ட முடியாது என்பது அதன் மையக் கருத்து. ரோமச் சபையோடு முறித்துக்கொண்ட கால்வினும், தம் பெருநூலின் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில் இதே தாய் உருவகத்தை எடுத்தாண்டார். அவர் சொன்ன காரணம் சற்று வேறு. மனிதர் அறியாமையும் மந்தமும் உள்ளவர்கள். ஆகவே விசுவாசம் பிறக்கவும் வளரவும் கடவுள் வெளியிலிருந்து சில துணைகளைத் தந்திருக்கிறார் என்றார்.

இந்த விடை பிளவுக் காலத்துக்காக உருவானது. ஒருவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரிடமிருந்து அவருக்கு என்ன கிடைக்கும், பதிலுக்கு அவர் என்ன கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அதிகாரத்தின் கையில் சிக்கினால் இந்த வாதம் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. சபையிலிருந்து பிரிந்துபோன தொனாத்துப் பிரிவினரைத் திரும்பச் சேர்க்க அரசின் வற்புறுத்தலையே அகுஸ்தீன் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டார். கத்தோலிக்கத் திருச்சபை 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்போது, தன் காணக்கூடிய எல்லைக்கு வெளியேயும் பரிசுத்தத்தின், உண்மையின் கூறுகள் பல இருப்பதாக ஒப்புக்கொண்டு அந்தப் பழைய கடுமையைத் தளர்த்தியது. சிப்ரியனை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அந்த உபத்திரவ நாட்களில் அவரே மறைந்திருந்து, கடிதங்கள் மூலமாகத்தான் சபையை நடத்தினார். உடலால் கூட முடியாத நிலை சபைக்கு வெளியே போன நிலை ஆகாது என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

பாலைவனத்தில் நடந்த விவாதம்

தனிமையின் பக்கம் நின்றவர்களில் பெரும்பெயர் எகிப்தின் அந்தோனியார். பாழடைந்த கோட்டை ஒன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனியாக இருந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியு சொல்கிறார். அவர் வழியில் ஆயிரக்கணக்கானோர் பாலைவனத்துக்குப் போனார்கள். கூட்டத்தை விட்டு விலகுவதே பரிசுத்தத்துக்கு வழி என்ற எண்ணம் வலுப்பட்டது.

அதற்கு மறுப்பு வெளியிலிருந்து வரவில்லை, துறவிகளிடமிருந்தே வந்தது. பக்கோமியு என்ற இளைஞரை ரோமப் படைக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழியில் தேபை நகரத்தில் அடைபட்டிருந்தவர்களுக்கு முன்பின் தெரியாத சிலர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் இவர்கள் என்று கேட்டபோது கிறிஸ்தவர்கள் என்ற பதில் கிடைத்தது. படையிலிருந்து விடுபட்டதும் அவர் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு, 320ஐ ஒட்டிய ஆண்டுகளில், தபென்னிசி என்ற இடத்தில் துறவிகள் ஒன்றாக உண்டு உழைத்து வாழும் மடத்தைத் தொடங்கினார். கூட்டுத் துறவுக்கு வித்திட்டவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்தது அந்நியர் போட்ட அந்தச் சோறுதான்.

இதற்குத் தெளிவான வாதம் அமைத்தவர் செசரியாவின் பசிலியார். தனியாக இருப்பவர் யாருடைய கால்களைக் கழுவுவார் என்று அவர் கேட்டார். சீஷருடைய கால்களைக் கழுவின ஆண்டவரைப் பின்பற்றுவதற்கு இன்னொருவரின் கால் வேண்டும். தாழ்மையாக இருக்க, தம்மைவிட முன்னே வைக்க ஒரு ஆள் வேண்டும். பொறுமை காட்ட, பொறுமையைச் சோதிப்பவர் வேண்டும். தம் குறையை எடுத்துச் சொல்ல யாரும் இல்லாதவருக்குத் தம் குறையே தெரியாமல் போகும். இந்தக் கேள்வி முழுவதிலும் இதைவிட உறுதியான வாதம் ஒன்றைச் சொல்வது கடினம். இது மனிதரின் பலவீனத்தின்மேல் கட்டப்பட்டதல்ல. எவ்வளவு பலமுள்ள விசுவாசியானாலும் தனியாகச் செய்யவே முடியாத கீழ்ப்படிதல்கள் உண்டு என்பதுதான் இதன் அடிப்படை.

ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் எழுதிய மடத்து ஒழுங்கு இரண்டு பக்கத்தையும் ஒரு வரிசையில் வைத்தது: முதலில் மடத்தில் பலரோடு வாழ்ந்து பழக வேண்டும், அதில் தேறியவரே தனிமைக்குப் போகலாம். அந்தோனியாரின் தனிமைகூடக் கடைசிவரை தனிமையாக இருக்கவில்லை. ஆலோசனை கேட்டும் சுகம் கேட்டும் ஜனங்கள் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள்.

வாரம் ஒரு பென்னி

சீர்திருத்தக் காலத்தில் கேள்வி இடம் மாறியது. கோவிலில் ஆயிரம் பேர் கூடினாலும் ஒருவர் நிலைமை மற்றவருக்குத் தெரியாமலே இருக்கலாமே என்ற கவலை எழுந்தது. சுவிசேஷம் மனிதரிடம் வந்துசேரும் வழிகளில் ஒன்றாக, சகோதரர் ஒருவரோடொருவர் பேசித் தேற்றிக்கொள்வதையும் லூத்தர் 1537இல் கணக்கில் வைத்தார். பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவற்றின் பக்கத்தில் அதற்கு இடம் கொடுத்தது சிறிய காரியமல்ல. 1670இல் பிராங்க்பர்ட்டில் ஸ்பேனர் வீட்டுக் கூட்டங்களைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த பக்தி இயக்கத்தின் மையமாகிய ஹாலேயில் படித்தவர்தான் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு. நம் ஊர்களில் இன்றும் வாரந்தோறும் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த மரபில் நெருங்கிப் பார்க்கத் தக்க நிகழ்ச்சி 1742இல் பிரிஸ்டல் நகரத்தில் நடந்தது. ஜான் வெஸ்லியைப் பின்பற்றியவர்கள் கட்டிய கூட்ட மண்டபத்தின்மேல் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் அடைத்துவிடலாம் என்று ஃபாய் என்ற கப்பல் தலைவர் யோசனை சொன்னார். ஏழைகளால் அதுவும் முடியாதே என்று இன்னொருவர் தடை சொன்னார். அப்படியானால் மிக ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குப் போவேன், அவர்களால் கொடுக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் அவர்களுக்காக நான் கொடுக்கிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அதேபோல் ஏற்றுக்கொண்டார்கள். காசுக்காக வீடு வீடாகப் போனபோதுதான் யார் வீட்டில் சண்டை, யார் குடியில் விழுந்தார், யார் நோயில் கிடக்கிறார் என்பது தெரியவந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு என்ற அமைப்பு இப்படி உருவாகி, மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாக ஆனது. பரிசுத்தத்தைத் தனியாகத் தேடும் துறவை வெஸ்லி அதற்கு முன்பே, 1739இல், கடுமையாக மறுத்து எழுதியிருந்தார். ஆனால் அந்த எழுத்தைவிட, கடனுக்காகத் தொடங்கிய இந்த வீட்டுச் சந்திப்பு ஐக்கியத்தின் தேவையைத் தெளிவாகக் காட்டியது என்றே எண்ணத் தோன்றுகிறது.

ஒருவரையொருவர் அறிவது ஒருவரையொருவர் வேவு பார்ப்பதாக எப்போது மாறுகிறது என்பது இந்த மரபு இன்னும் தீர்க்காத சிக்கல். ஸ்பேனரின் கூட்டத்தாரில் சிலர் தாங்களே உண்மையான சபை என்று பிரிந்துபோனார்கள். 1970களில் அமெரிக்காவில் எழுந்த மேய்ப்பு இயக்கம் இன்னும் வேதனையான உதாரணம். ஒவ்வொரு விசுவாசியும் தமக்கு மேலான ஒரு மேய்ப்பருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற அதன் போதனை, திருமணம், வேலை, வீடு எல்லாவற்றிலும் அனுமதி கேட்கும் நிலைக்கு மனிதரைக் கொண்டுபோனது. தலைவர்களில் ஒருவரான பாப் மம்போர்ட் பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சகவிசுவாசி தேவை என்ற உண்மையை ஒருவரைக் கட்டிவைக்கும் கயிறாக மாற்ற அதிக காலம் பிடிக்கவில்லை.

தனிமனிதரின் பக்கம்

தனித்து நிற்பவர்களின் வாதத்தைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. டென்மார்க்கில் பிறந்த எல்லோரும் கிறிஸ்தவர் என்று எண்ணப்பட்ட காலத்தில், கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு ஒருவர் கடவுளைச் சந்திக்காமலே இருந்துவிடலாம் என்று தத்துவஞானி கீர்க்ககோர் எச்சரித்தார். 1855இல் மரணப்படுக்கையில் இருந்த அவர், அரசு ஊழியராகிய குருவிடமிருந்து திருவிருந்து வாங்க மறுத்தார். சாதாரண விசுவாசி ஒருவர் கொடுத்தால் வாங்குவேன் என்றார். தனிமனிதர் என்ற கருத்துக்கே அடையாளமானவர் கடைசி வேளையில் மறுத்தது பதவியைத்தான், மனிதரை அல்ல.

உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல், மதம் என்பதை மனிதர் தம் தனிமையில் கடவுளோடு கொள்ளும் உறவாக வரையறுத்துக்கொண்டு தம் ஆய்வைச் செய்தார். அந்த அனுபவத்துக்குச் சொல்லும் சடங்கும் தந்த கூட்டுவாழ்வு அதில் மறைந்துபோகிறது என்று நூறு ஆண்டு கழித்துத் தத்துவஞானி சார்லஸ் டெய்லர் சுட்டிக்காட்டினார்.

ஜப்பானின் உச்சிமுரா கான்சோவின் நிலை இவர்கள் இருவரையும்விடக் கூர்மையானது. 1891இல், பேரரசரின் கல்வி ஆணைக்கு முன் முழுமையாகத் தலைவணங்கத் தயங்கியதால் அவர் ஆசிரியர் வேலையை இழந்தார். நாடும் கைவிட்டது, சபைகளும் துணை நிற்கவில்லை. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் அவருடைய சபையற்ற கிறிஸ்தவம். குருமார், கோவில், திருவிருந்து எதுவும் இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் அவருடைய வேதபாடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். அவருடைய சீடர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடி வேதம் படித்தார்கள். நிறுவனத்தை விட்டவரால் கூடுவதை விட முடியவில்லை. இதைச் சகவிசுவாசி தேவை என்ற பக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். அதே வேளையில், எந்தச் சபையும் துணை நிற்காத ஒருவர் விசுவாசத்தில் நிலைத்திருந்தார் என்ற உண்மையையும் மறைக்கக் கூடாது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இருபதாம் நூற்றாண்டில் இறையியலாளர் கையிலிருந்து இந்தக் கேள்வி சமூகவியலாளர் கைக்கும் போனது. நம்பிக்கை எதுவானாலும் அதை இயல்பானதாகக் காட்டும் மனிதர் சுற்றிலும் இருந்தால்தான் அது நிலைக்கும் என்று பீட்டர் பெர்கர் 1967இல் வாதிட்டார். பிரிட்டனில் ஜனங்கள் கோவிலுக்குப் போகாமலே கடவுளை நம்புகிறார்கள் என்று கிரேஸ் டேவி 1994இல் எழுதினார். டேவிட் வோஸும் அலாஸ்டர் கிராக்கெட்டும் 2005இல் அதை மறுத்தார்கள். அவர்கள் கணக்குப்படி, தலைமுறைக்குத் தலைமுறை கோவிலுக்குப் போவது எந்த வேகத்தில் குறைகிறதோ ஏறத்தாழ அதே வேகத்தில் நம்பிக்கையும் குறைகிறது. ஒருவர் தனியாக விசுவாசத்தைக் காத்துக்கொள்ளலாம். தம் பிள்ளைகளுக்கு அதைக் கைமாற்றுவது கடினம் என்று இதைப் படிக்கலாம்.

சுகநலம் பற்றிய ஆய்வுகளும் உண்டு. அமெரிக்கச் செவிலியர் 74,534 பேரின் தகவலை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஆராதனைக்குப் போகிறவர்கள் ஆய்வுக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, போகவே போகாதவர்களைவிட 33 விழுக்காடு குறைவாக இருந்தது. 2010இல் லிம், பட்னம் இருவரும் கண்டது இன்னும் நுட்பமானது. ஆராதனைக்குப் போகிறவர்களின் மனநிறைவுக்குக் காரணமாகத் தெரிந்தது அந்தச் சபைக்குள் அவர்களுக்கு இருந்த நண்பர்கள்தான். நண்பர் யாரும் இல்லாமல் வந்துபோகிறவருக்கு அந்தப் பலன் தென்படவில்லை.

இந்த எண்களைப் பிரசங்க மேடைக்குக் கொண்டுபோகும் முன் நிதானிக்க வேண்டும். நடமாட்டமும் தெம்பும் உள்ளவர்களே கோவிலுக்கு வருகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் கணக்கில் கொள்ள முயன்றாலும், அந்தச் சந்தேகம் முழுதாகத் தீர்வதில்லை. செவிலியரின் தகவல் அமெரிக்கப் பெண்களுடையது. அதை மற்றவருக்கு அப்படியே பொருத்த முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீண்ட ஆயுளுக்காகச் சபைக்கு வாருங்கள் என்ற அழைப்பு, சிலுவையை மையமாக வைத்த ஒரு விசுவாசத்துக்குப் பொருந்தாது. ஆனாலும் லிம், பட்னம் முடிவு சபைகளுக்கு நேரடியாக ஒன்றைச் சொல்கிறது: இருக்கையை நிரப்புவது ஐக்கியமாகிவிடாது.

குரு இல்லாத இரு நூற்றாண்டு

உபத்திரவத்தில் சகவிசுவாசியின் துணை என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் மறைவுக் கிறிஸ்தவர்களைவிட நெடிய சான்று கிடையாது. 1614இல் கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 1644இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். கிறிஸ்துவின், மரியாளின் உருவங்களைக் காலால் மிதிக்கவைத்துச் சோதித்தார்கள். ஐந்து வீடுகளை ஒரு குழுவாக்கி, ஒருவர் குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு என்று வைத்தார்கள். அண்டைவீடே வேவுக்கண் ஆன காலம் அது.

அந்த நிலையில் உரகாமி போன்ற கிராமங்களில் விசுவாசிகள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். திருநாட்காட்டியைப் பாதுகாத்து எந்த நாள் என்ன திருநாள் என்று கணிப்பவர் ஒருவர். ஞானஸ்நானம் கொடுப்பவர் ஒருவர். வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்பவர் ஒருவர். குரு இல்லாதபோது உண்மையான மனஸ்தாபத்தால் பாவமன்னிப்பு உண்டு என்று கற்பித்த ஒரு சிறு நூலின் போதனை அவர்களைத் தாங்கியது. 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா கோவிலுக்கு உரகாமிவாசிகள் சிலர் வந்து, பெத்திழான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் தாங்களும் அதே விசுவாசம் உள்ளவர்கள் என்று தெரிவித்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் எந்தக் குருவும் இல்லாமல், வேலையைப் பங்கிட்டுக்கொண்ட சாதாரண விவசாயிகளின் கையில் விசுவாசம் உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகும் உரகாமியின் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் நாட்டின் வேறு பகுதிகளுக்கு அனுப்பப்பட்டுத் துன்பப்பட்டார்கள். 1873இல்தான் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மறைவுக் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பவில்லை. முன்னோர் தந்த முறையே தங்களுக்குப் போதும் என்றார்கள். அவர்களுடைய ஜெபங்களும் சடங்குகளும் நூற்றாண்டுகளில் வெகுவாக மாறியிருந்தன. சின்னஞ்சிறு ஐக்கியம் தன்னைக் காத்துக்கொள்ளலாம். பெரிய ஐக்கியத்தோடு தொடர்பு அறுந்தால் தான் காப்பது எது என்பது மங்கலாகலாம். உள்ளூர்க் குழுவே போதும் என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ் மண்ணில்

திருநெல்வேலிச் சீமையில் இந்தத் தேவை நிலமும் கூரையுமாக வெளிப்பட்டது. மதம் மாறியதற்காக ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காகத் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியில் 1799இல் முதலூர் உருவானது. அதன்பின் அடைக்கலமாக எழுந்த கிறிஸ்தவ ஊர்கள் பல. விதவைக்கும் அநாதைக்கும் சேர்த்த நிதி, வீட்டுப் பெண்கள் சமைக்கும் முன் ஒதுக்கிவைத்த கைப்பிடி அரிசி, ஊரே ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அசனம் என்று இந்த ஐக்கியம் சோற்றோடும் பணத்தோடும் கலந்தே வளர்ந்தது. சொந்தபந்தத்தை இழந்தவருக்குச் சகவிசுவாசி என்பது ஆறுதல் வார்த்தை மட்டுமல்ல, மறுநாள் அடுப்பு எரிவதற்கான வழி.

இப்படித் தனி ஊர் அமைப்பது சரியா என்ற விவாதமும் உண்டு. இந்தியாவில் ஊழியம் செய்த டொனால்டு மெக்காவ்ரன் 1955இல், மிஷன் வளாகத்துக்குள் வந்தவர் தம் மக்களிடமிருந்து துண்டிக்கப்படுகிறார், ஆகவே மக்கள் குழுவாகவே வர வேண்டும் என்றார். மேலோட்டமாக இது மனிதத்தன்மையுள்ள யோசனை. ஆனால் குழு என்றால் இங்கே பெரும்பாலும் சாதி. சொந்தச் சாதிக்குள்ளேயே ஐக்கியம் அமைந்தால் என்ன ஆகும் என்பதை வடக்கன்குளம் காட்டுகிறது. 1872இல் அங்கே கட்டிய கத்தோலிக்கக் கோவில், ஒரே பீடத்தில் கூடும் இரண்டு கைகளாக அமைந்து, வெள்ளாளரையும் நாடாரையும் சுவர் வைத்துப் பிரித்தது. அந்தச் சுவரை 1910இல்தான் இடித்தார்கள். தனித்தனிக் கல்லறைகள் பல ஊர்களில் அதற்குப் பின்னும் தொடர்ந்தன. ஐக்கியம் தேவை என்று ஒரு தலித் கிறிஸ்தவரிடம் சொல்லும் சபை, அவர் உடலை எங்கே புதைக்க இடம் கொடுக்கிறது என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். கொரிந்து சபையின் திருவிருந்தில் பணக்காரர் முந்திச் சாப்பிட்டு ஏழை பசியோடு இருந்ததைப் பவுல் கண்டித்தபோது, இதே நோயைத்தான் கண்டித்தார்.

இன அடிப்படையிலும் அதே குறை இருந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா 1910இல் எடின்பரோவில் நடந்த மிஷனரி மாநாட்டில், மிஷனரிகள் தியாகம் செய்கிறார்கள், அன்புகூட இருக்கிறது, ஆனால் சமமான நட்பு கிடைக்கவில்லை என்ற பொருளில் பேசினார். உதவி வாங்குகிறவராகவே ஒருவரை நிறுத்திவைக்கும் உறவை ஐக்கியம் என்று அவர் ஏற்கவில்லை.

ஞானஸ்நானம் பெறாத விசுவாசிகள் இன்னொரு புறம் நிற்கிறார்கள். சென்னையின் கந்தசாமி செட்டியார் 1915இல், கிறிஸ்துவிடம் பற்று இருந்தும் தாம் ஏன் சபையில் சேரவில்லை என்று விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டார். இத்தகையோர் தமிழகத்தில் கணிசமாக இருப்பதை ஹெர்பர்ட் ஹோபர் 1991இல் வெளியான நூலில் பதிவுசெய்தார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஜெபிக்கும் பெண்ணுக்கு ஞானஸ்நானம் என்பது கணவன் வீட்டோடு முறிவாகலாம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் தலித் பட்டியல் சாதிக்கான உரிமைகளை இழக்கிறார். இவர்கள் வராததற்கு விசுவாசக் குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமல்ல.

பின்கன்வால்டேயில் கற்றது

ஹிட்லர் காலத்தில், 1935 முதல் 1937இல் ரகசியப் போலீஸான கெஸ்டபோ மூடும்வரை, பின்கன்வால்டேயில் சிறிய இறையியல் பயிற்சி இல்லத்தை நடத்தினார் டீட்ரிக் போன்ஹோஃபர். அந்தக் கூட்டுவாழ்வைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் 1939இல் வெளிவந்தது. சகவிசுவாசிகள் நடுவில் வாழ்வது கிறிஸ்தவருக்கு உரிமையாக வாய்ப்பதல்ல, அது கிருபை என்று தொடங்குகிறார். சிறையில் இருப்பவருக்கும் நோயாளிக்கும் சிதறிப்போனவருக்கும் அது கிடைக்காமல் போகலாம். ஆகவே கிடைத்தவர் நன்றியோடு பெற வேண்டும். கிடைக்காதவரைக் குறைந்தவராக எண்ணக் கூடாது.

சகவிசுவாசி எதற்கு என்பதற்கு அவர் தரும் பதில் பசிலியாரின் வாதத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. மன்னிப்பின் வார்த்தையை ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டால், அது கடவுளுடையதா தம் ஆசையா என்ற சந்தேகம் விடாது. இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போது அது வெளியிலிருந்து வருகிறது. கூடவே இரண்டு எச்சரிக்கைகளும் சொன்னார். தனியாக இருக்கத் தெரியாதவர் கூட்டத்தைக் குறித்து ஜாக்கிரதையாக இருக்கட்டும், கூட்டத்தில் இருக்கத் தெரியாதவர் தனிமையைக் குறித்து ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்பது ஒன்று. சபை எப்படி இருக்க வேண்டும் என்று தாம் காணும் கனவை உண்மையான சபையைவிட நேசிக்கிறவர் அந்தச் சபையை அழித்துவிடுவார் என்பது மற்றொன்று. 1943 முதல் சிறையில் இருந்த அவருக்குப் பெரும்பாலும் கடிதங்களே ஐக்கியமாக இருந்தன. 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அவருடைய வாதத்திலும் இடைவெளி இருக்கிறது. கனவை விட்டுவிடு என்ற அறிவுரை, சபையில் உண்மையாகவே காயப்பட்டவரின் வாயை அடைக்கப் பயன்படலாம். 2000இல் நியூசிலாந்தின் ஆலன் ஜேமிசன், சபையை விட்டு விலகியவர்களிடம் பேசி ஒரு நூல் எழுதினார். அவர்களில் பலர் சபையில் பொறுப்பு வகித்தவர்கள். விசுவாசத்தை விட்டவர்கள் அல்லர். கேள்வி கேட்க இடமில்லாததால் வெளியே வந்து, வெளியில் சிறு சிறு குழுக்களாகக் கூடியவர்களும் அவர்களில் உண்டு.

இன்னும் தீராதவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தனித்த விசுவாசம் சாத்தியமே இல்லை என்ற வாதம் நிற்காது. சிறைகளும் பாலைவனங்களும் உச்சிமுராவின் வாழ்க்கையும் அதை மறுக்கின்றன. தனித்த விசுவாசம் முழுமையானது என்ற வாதமும் நிற்காது. கால் கழுவுவதையும் மன்னிப்பைக் கேட்பதையும் ஒருவர் தனியாக நிறைவேற்ற முடியாது. பவுல் எழுதியதாக மரபு கொள்ளும் இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தின் முடிவில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. முதல் விசாரணையில் எல்லோரும் கைவிட்டபோது ஆண்டவர் துணைநின்றார் என்று சொல்பவர், குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா என்றும் கேட்கிறார். ஆண்டவர் துணை இருந்தது, மேலங்கி கேட்பதற்குத் தடையாகவில்லை.

இந்த விவாதத்தின் பெரும்பகுதி வராதவரை நோக்கியே பேசியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவரையொருவர் தாங்குங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள், மன்னியுங்கள் என்று நிருபங்கள் சொல்வதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கே சொல்லப்பட்டவை. ஐக்கியத்தின் தேவையை நிரூபிக்கும் சுமை முதலில் அவர்கள்மேல்தான் விழுகிறது.

சில கேள்விகள் அப்படியே நிற்கின்றன. 2020இல் கோவில்கள் மூடப்பட்டபோது திரை வழியாக நடந்த ஆராதனை, படுக்கையில் கிடந்த பலரை முதன்முறையாகச் சபையோடு சேர்த்தது. திரை வழியாகத் திருவிருந்து உண்டா என்பதில் சபைகள் இன்னும் ஒருமனப்படவில்லை. நெருக்கமான குழுவில் கணக்குக் கேட்பதற்கும் அடக்கியாள்வதற்கும் இடையில் கோடு எங்கே என்பதற்குப் பொது விதி எதுவும் உருவாகவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் வீட்டுக்குள் ஜெபிக்கும் அந்தப் பெண் விஷயத்தில் நிலைமை இன்னும் கடினம். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் எந்தச் சபையின் நோயாளிகள் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. திருவிருந்துக்கும் கல்லறைக்கும் உள்ள ஒழுங்குகள் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் தெருவிலேயே குடியிருக்கும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அவர் குடும்பத்துக்குள் அவரைக் காட்டிக்கொடுக்காமல், அவருக்கு எந்த அளவுக்குச் சகவிசுவாசிகளாக இருக்க முடியும் என்பதை இறையியலாளர்களோ சபைச் சட்டங்களோ இதுவரை தீர்த்துவைக்கவில்லை.